காலணாவில் ஓடிய தொடர்வண்டி

நுழையும்முன்

சாலை, பாலம், இருப்புப்பாதை, குடிநீர்க் குழாய், வாய்க்கால் ஆகியவற்றை உட்கட்டமைப்பு என்பர். இவற்றை அரசே அமைப்பதா, தனியாரிடம் விடுவதா, இருவரும் கூடிச் செய்வதா என்னும் வினா இக்காலத்தில் தோன்றியதாகப் பலரும் கருதுகின்றனர். காவிரிப் படுகையில் இவ்வினாவுக்கு வயது மிகுதி. மூன்று வேறு காலங்களில் மூன்று வேறு வகையான கூட்டு முயற்சிகளைத் தஞ்சை மண் கண்டிருக்கிறது. அவற்றில் இழப்பு வந்தபோது அதனைச் சுமந்தவர் யார் என்பதை இப்பாடம் பின்தொடர்கிறது.

கரையைக் காத்தவர்கள்

கல்லணையில் காவிரி பிரிகிறது. ஒருபுறம் கொள்ளிடம் வெள்ளநீரைக் கடலுக்குக் கொண்டு செல்ல, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகிய மூன்றும் பாசனநீரைச் சுமந்து கிழக்கும் தெற்குமாக விரிகின்றன. இவற்றிலிருந்து கிளையாறுகளும், அவற்றிலிருந்து வாய்க்கால்களும், வாய்க்கால்களிலிருந்து கன்னிகளும் பிரிந்து, இறுதியில் ஒரு வயலின் மடையில் வந்து முடிகின்றன. அணையும் பெரிய மதகும் அரசின் பொறுப்பு. ஆனால், கடைமடை வரை நீர் செல்லும் வழியெல்லாம் வண்டல் படியும். கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டும். எலியும் நண்டும் கரையைத் துளைக்கும். இவ்வளவு நீளமான பின்னலை எந்த அரசும் தன் ஆள்களை மட்டும் கொண்டு காத்துவிட முடியாது.

ஆகவே, வேலை பங்கிடப்பட்டது. பெரிய கட்டுமானங்களையும் அவற்றின் பழுதுபார்ப்பையும் அரசு ஏற்றது. ஆண்டுதோறும் வாய்க்கால் தூர்வாருவது, சிறு உடைப்புகளை அடைப்பது, வெள்ளக்காலத்தில் இரவு பகலாகக் கரைமேல் காவல் இருப்பது ஆகியவற்றை ஊரார் தம் உழைப்பால் செய்தனர். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். குடிகள் செய்யும் மராமத்து என்பது பொருள். நீர்நிலைகளை ஊரவைகள் பேணிய வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன.

இவ்வேற்பாட்டைப் புகழ்ந்துரைப்பது எளிது. அதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். வழக்கம் தளர்ந்தபோது ஆங்கில அரசு அதனைச் சட்டத்தால் இறுக்கிப் பிடிக்க முனைந்தது. 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், கரை உடையும் ஆபத்துக் காலத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அதிகாரம் அளித்தது. வழக்கமான குடிமராமத்துக்கு வரத் தவறியவர், அவ்வுழைப்பின் மதிப்பைப் போல இருமடங்கு செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. தஞ்சையில் நிலம் மிராசுதார்களிடம் இருந்தது; வயலில் உழைத்தவர் பண்ணையாள்கள். குடிமராமத்து நிலவுடைமையோடு ஒட்டிய கடமையாயினும், மண்வெட்டியுடன் வாய்க்காலில் இறங்கியவர் பெரும்பாலும் நிலமற்றவரே. நீரின் பயன் ஒருவருக்கும் உழைப்பின் சுமை மற்றொருவருக்கும் சென்ற கூட்டு அது. பண்ணையாள்களுக்கு ஓரளவேனும் சட்டப் பாதுகாப்புக் கிடைக்க 1952ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாகையிலிருந்து புறப்பட்ட பாதை

தஞ்சையின் நெல் கடல் கடந்து செல்லும் பொருள். இலங்கைத் தோட்டங்களில் உழைத்தோரின் உணவு இங்கிருந்தே சென்றது. அவ்வுழைப்பாளர்களில் பலரும் இப்பகுதிகளின் துறைமுகங்கள் வழியாகவே சென்றனர். எனவே, உள்நாட்டையும் நாகப்பட்டினத் துறைமுகத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை ஒன்று ஆதாயம் தரும் என்று இலண்டனில் கணக்கிடப்பட்டது. அதற்கென அமைந்ததுதான் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இரயில்வே கம்பெனி. 1859இல் பணி தொடங்கி, 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலும், 1862இல் திருச்சிராப்பள்ளி வரையிலும் வண்டி ஓடியது. தென்னிந்தியாவில் அமைந்த தொடக்ககால இருப்புப்பாதைகளுள் இதுவும் ஒன்று.

இக்கம்பெனி தனியார் நிறுவனம். பங்குதாரர்கள் இங்கிலாந்தில் இருந்தனர். ஆயினும், அவர்கள் தம் பணத்தை முழுத் துணிவோடு முதலிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அன்றைய இந்திய இருப்புப்பாதைக் கம்பெனிகள் அனைத்தையும் போலவே இதுவும் உத்தரவாத முறை என்னும் ஒப்பந்தத்தின் நிழலில் வளர்ந்தது. ஒப்பந்தத்தின் சாரம் இது: அரசு நிலத்தை இலவசமாகக் கொடுக்கும். கம்பெனி போடும் முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருவாய் கிடைக்கும் என அரசு உறுதி கூறும். வண்டி ஓடி அதைவிடக் குறைவாக வருமானால், குறையும் தொகையை அரசு தன் கருவூலத்திலிருந்து ஈடு செய்யும். 5 விழுக்காட்டுக்கு மேல் வருமானால், மிகுதியைக் கம்பெனியும் அரசும் பகிர்ந்துகொள்ளும். அரசின் பங்கு, அது முன்பு ஈடுசெய்த தொகையைத் தீர்ப்பதற்காகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். இலண்டனில் ஒருவர் 100 பவுன் முதலிடுகிறார். அவ்வாண்டு அவர் பணத்துக்குத் தஞ்சைப் பாதை ஈட்டித் தந்தது 3 பவுன் மட்டுமே என்று கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 5 பவுன்தான். எஞ்சிய 2 பவுன் இந்தியக் கருவூலத்திலிருந்து செல்லும். அக்கருவூலத்தை நிரப்பியதில் பெரும்பங்கு நிலவரிக்கு உரியது. தொடர்வண்டியில் ஒருநாளும் ஏறியிராத உழவரும் அந்த 2 பவுனில் ஒரு துளியைச் செலுத்தியவரே.

இம்முறையில் இரண்டு கேடுகள் ஒளிந்திருந்தன. செலவு எவ்வளவு ஆனாலும் அதற்கு 5 விழுக்காடு உறுதி என்றால், செலவைக் குறைக்க யாருக்கு அக்கறை பிறக்கும்? இந்தியாவின் நிதி உறுப்பினராக இருந்த மாசி என்பவர், 1872இல் இங்கிலாந்து நாடாளுமன்றக் குழுவின்முன் இதனை வெளிப்படையாகவே கூறினார். வட்டி உறுதியாக இருக்கும்வரை, தாம் கொடுத்த பணம் கட்டுமானமாக எழுகிறதா, ஊக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்பதுபற்றி முதலாளிக்குக் கவலையில்லை என்பது அவர் கருத்து. இரண்டாவது கேடு நாணயத்தால் வந்தது. உத்தரவாதத் தொகை பவுனில் செலுத்தப்பட வேண்டியது. வரியோ ரூபாயில் வந்தது. ஒரு ரூபாய் 2 ஷில்லிங் பெற்ற காலத்தில் 100 பவுன் அனுப்ப 1,000 ரூபாய் போதும். 1870களில் தொடங்கி வெள்ளியின் விலை வீழ்ந்துகொண்டே வந்தது. ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்னி அளவுக்கு இறங்கியபோது, அதே 100 பவுனுக்கு 1,500 ரூபாய் வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. உழவர்மேல் சுமை மட்டும் ஒன்றரை மடங்காயிற்று.

இவற்றோடு வேறொரு வீண்செலவையும் குறிக்க வேண்டும். நாகப்பட்டினப் பாதை முதலில் அகலப்பாதையாகவே போடப்பட்டது. 1874இல் இக்கம்பெனியும் கர்நாடிக் இரயில்வே கம்பெனியும் இணைந்து தென்னிந்திய இரயில்வே கம்பெனி உருவாயிற்று. அதையொட்டி, அகலப்பாதை பெயர்க்கப்பட்டு மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து, நம் காலத்தில், அதே தடம் மீண்டும் அகலப்பாதையானது.

உத்தரவாத முறையின் குறைகளை அரசும் உணராமலில்லை. 1869 முதல் சில பாதைகளை அரசு தானே அமைக்கத் தொடங்கியது. தென்னிந்திய இரயில்வேயை 1890ஆம் ஆண்டின் இறுதியில் அரசு வாங்கியது. எனினும், நிருவாகம் இலண்டனில் பதிவான புதிய கம்பெனியிடமே விடப்பட்டது. 1944ஆம் ஆண்டில்தான் அது முழுமையாக அரசின் கைக்கு வந்தது. 1951இல் தென்னக இரயில்வே உருவானபோது இப்பாதைகள் அதனுள் அடங்கின.

நன்மையே விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. நெல் வேகமாகச் சந்தைக்குச் சென்றது. பஞ்சக் காலத்தில் தானியம் வந்து சேர்ந்தது. கும்பகோணமும் மயிலாடுதுறையும் சென்னையோடு இணைந்தன. நாகப்பட்டினத்தில் பெரிய பணிமனை எழுந்து, தலைமுறைகளாகத் தொழிலாளர் குடும்பங்கள் அதனைச் சார்ந்து வாழ்ந்தன. அப்பணிமனையைத் திருச்சிக்கு அருகில் பொன்மலைக்கு மாற்றும் முடிவும் ஆள்குறைப்பும் நிருவாகத்தின் கணக்கில் சிக்கனமாகத் தோன்றின. 1928இல் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றனர். பங்குதாரருக்கு இருந்த உத்தரவாதம் போன்றதொன்று பணிமனைத் தொழிலாளிக்கு இருக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

தஞ்சை மாவட்டம் திருவையாற்றில் 1855இல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், ‘தி இந்து’ நாளிதழின் நிறுவனர்களுள் ஒருவர். 1882இல் ‘சுதேசமித்திரன்’ இதழைத் தொடங்கியவர். இந்திய அரசின் செலவினங்களை ஆராய அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தின்முன் 1897இல் சாட்சியம் அளிக்க இங்கிலாந்து சென்ற இந்தியர்களுள் அவரும் ஒருவர். கோபாலகிருஷ்ண கோகலே, தின்ஷா வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோர் மற்றையோர். 1900ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை இந்திய இருப்புப்பாதைகள் மொத்தத்தில் அரசுக்கு இழப்பாகவே இருந்தன.

ஜில்லா போர்டின் இருப்புப்பாதை

உத்தரவாதக் கம்பெனியின் வண்டி ஓடிக்கொண்டிருந்த அதே மாவட்டத்தில், முற்றிலும் வேறான முயற்சி ஒன்று உருவாயிற்று. மயிலாடுதுறை அன்று மாயவரம் எனப்பட்டது. அங்கிருந்து தெற்கே பேரளம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரையுள்ள பகுதி நெல் விளையும் செழிப்பான நாடு. ஆயினும், மழைக்காலத்தில் அங்கே வண்டிப்பாதைகள் சேறாகிவிடும். ஆறுகளும் வாய்க்கால்களும் குறுக்கிடும். மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்குள் மாடும் மனிதரும் களைத்துப்போவர். இலண்டன் முதலாளிக்கு இத்தடத்தில் ஆர்வம் எழவில்லை.

அப்போது முன்வந்தது மக்கள் ‘ஜில்லா போர்டு’ என வழங்கிய தஞ்சாவூர் மாவட்டக் கழகம். நிலவரி செலுத்துவோரிடம், வரியில் ஒரு ரூபாய்க்கு 3 தம்படி வீதம் இருப்புப்பாதைக்கெனத் தனித் தீர்வை வாங்கப்பட்டது. அன்றைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்படி. எனவே, 3 தம்படி என்பது காலணா; ரூபாயில் 64இல் ஒரு பங்கு. 10 ரூபாய் நிலவரி கட்டும் சிறு உழவர், ஆண்டுக்கு இரண்டரை அணா கூடுதலாகக் கட்டினார். நூற்றுக்கணக்கில் வரி செலுத்திய மிராசுதார், அதற்கேற்பக் கூடுதலாகக் கட்டினார். சுமை நிலத்தின் அளவுக்கு ஏற்ப விழுந்ததும், பாதையால் பயன்பெறும் நிலத்தின்மேலேயே விழுந்ததும் இதன் சிறப்பு.

இத்தீர்வையை அடிப்படையாகக் கொண்டு அமைந்த மாயவரம் – முத்துப்பேட்டை இருப்புப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 54 மைல். பின்னர்ப் பட்டுக்கோட்டை வழியாக நீண்டு, 1903இல் அறந்தாங்கியைத் தொட்டது. இதனிடையே பேரளத்திலிருந்து கிழக்கே பிரிந்து, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கும் 1898இல் ஒரு பாதை அமைந்தது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று தன் மக்களிடம் திரட்டிய வரியைக் கொண்டு தனக்கெனத் தொடர்வண்டிப் பாதை அமைத்துக்கொள்வது அக்காலத்தில் அரிய செயல். வேறு மாவட்டக் கழகங்களும் பின்னர் இவ்வழியை நாடின.

எனினும், கழகத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எந்திரமும் பெட்டியும் ஓட்டுநரும் நிலைய அலுவலரும் வேண்டும். அவற்றைப் புதிதாகத் தேடி அமைப்பதைவிட, ஏற்கெனவே அத்தொழிலில் ஊறிய தென்னிந்திய இரயில்வே கம்பெனியிடம் இயக்கும் பொறுப்பை ஒப்படைப்பதே அறிவுடைமை. அவ்வாறே செய்யப்பட்டது. வருவாயில் ஒரு பகுதி இயக்கியதற்காகக் கம்பெனிக்குச் சென்றது. எஞ்சியது பாதையின் உரிமையாளராகிய கழகத்துக்கு வந்தது. இக்காலச் சொல்லில் கூறினால், உடைமை பொதுத்துறையினது, இயக்கம் தனியாரது.

நாகப்பட்டினப் பாதையையும் முத்துப்பேட்டைப் பாதையையும் அருகருகே வைத்துக் காண்க. இரண்டிலும் ஓடியவை ஒரே கம்பெனியின் வண்டிகள். இரண்டிலும் தஞ்சை உழவரின் பணம் இருந்தது. முன்னதில் அப்பணம் இழப்பை ஈடுசெய்யச் சென்றது. எப்போது, எவ்வளவு செல்லும் என்பது உழவருக்குத் தெரியாது. கேட்பதற்கு இடமும் இல்லை. பின்னதில் அப்பணம் முதலாகச் சென்றது. காலணா என்று அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. கணக்கு மாவட்டத் தலைநகரில் இருந்தது. இழப்பு நேரின் உழவருக்கே நேரும். ஆதாயம் வரினும் அவர்தம் கழகத்துக்கே வரும்.

இதிலும் குறை இல்லாமலில்லை. அன்றைய மாவட்டக் கழகத்தில் அமர்ந்தவர் செல்வாக்குள்ள சிலர்; அரசு அலுவலரின் கையும் ஓங்கியிருந்தது. காலணா கட்டிய சிறு உழவர் கழகக் கூட்டத்தில் எழுந்து வினவியிருக்கக்கூடும் என்று கற்பனை செய்வது மிகை. ஆனால், கேட்க வேண்டிய அலுவலகம் கடலுக்கு அப்பால் இல்லை. திருவாரூரிலிருந்து ஒருநாள் பயணத்தில் சென்று சேரும் தொலைவில்தான் இருந்தது.

ஒப்பந்தத்தின் இன்றைய முகங்கள்

விடுதலைக்குப்பின் நெடுங்காலம் பெரிய கட்டுமானங்களை அரசே மேற்கொண்டது. 1991க்குப் பிந்தைய பொருளாதார மாற்றங்களைத் தொடர்ந்து, தனியார் முதலீடு மீண்டும் அழைக்கப்பட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் முதலில் பரவிய முறை, கட்டு–இயக்கு–ஒப்படை என்பதாகும். நிறுவனம் தன் முதலில் சாலையை அமைக்கும். குறித்த ஆண்டுகள் சுங்கம் வாங்கிக்கொள்ளும். பின் சாலையை அரசிடம் ஒப்படைக்கும். எதிர்பார்த்த அளவு வண்டிகள் வராவிட்டால் இழப்பு நிறுவனத்துக்கு உரியது. தாளில் இது நேரிய ஏற்பாடு. நடைமுறையில், போக்குவரத்தை மிகையாக மதிப்பிட்டு ஏலம் எடுத்த நிறுவனங்கள் பல தள்ளாடின. அவற்றுக்குக் கடன் கொடுத்தவை பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகள். ஆகவே, தனியாரின் இழப்பு சுற்றி வளைந்து மீண்டும் மக்களின் வைப்புத்தொகையையே வந்து தொட்டது.

இதற்கு மாற்றாக 2016இல் கலப்பு ஆண்டுத்தொகை முறை வந்தது. திட்டச் செலவில் 40 விழுக்காட்டைக் கட்டுமானக் காலத்திலேயே அரசு கொடுக்கும். 60 விழுக்காட்டை நிறுவனம் திரட்டும். அத்தொகையை 15 ஆண்டுகளில் வட்டியோடு தவணைகளாக அரசு திருப்பித் தரும். சுங்கம் அரசுக்குச் சேரும். வண்டிகள் குறைந்தால் இழப்பும் அரசினதே. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் ஏறத்தாழ 165 கிலோமீட்டர் நீளமுள்ள நான்குவழிச் சாலை, மூன்று பகுதிகளாக ஒப்பந்தம் செய்யப்பட்டது; அவற்றில் இம்முறையும் இடம்பெற்றது. 2018 அளவில் பணி தொடங்கியது. ஈராண்டு, மூவாண்டில் முடியவேண்டிய வேலை பல ஆண்டுகள் நீண்டது. பாதி அமைந்த பாலங்களின் அருகே மாற்றுப்பாதைகளின் புழுதியில் நெல் வண்டிகளும் பேருந்துகளும் ஊர்ந்தன. அந்தக் காலத்தாழ்வின் விலை எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை.

1859இன் உத்தரவாதமும் 2016இன் ஆண்டுத்தொகையும் ஒன்றே என்று சிலர் எழுதுகின்றனர். ஒற்றுமை உண்டு, இரண்டிலும் முதலிட்டவருக்குத் திரும்ப வரும் தொகை உறுதியாகிறது. ஆனால், வேற்றுமை பெரிது. அன்று கம்பெனி எவ்வளவு செலவிட்டாலும் அதற்கு வட்டி கிடைத்தது. இன்று திட்டத்தின் தொகை போட்டி ஏலத்தில் முன்கூட்டியே முடிவாகிறது. விலைவாசி உயர்வுக்கு உரிய திருத்தம் நீங்க, வீண்செலவு செய்தால் அது நிறுவனத்தின் கையிலிருந்தே போகும். பழைய பாடத்தை ஓரளவு கற்றுக்கொண்டுதான் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறது.

தேவையைத் தவறாகக் கணித்தால் நேர்வது என்ன என்பதற்குக் காவிரியின் மேற்பகுதியில் ஒரு சான்று உண்டு. திருப்பூரின் சாயத் தொழிலுக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் பவானி – காவிரிப் பகுதியிலிருந்து நாள்தோறும் 18.5 கோடி லிட்டர் நீர் கொணரும் திட்டத்தை, அரசும் தனியாரும் இணைந்து அமைத்த நிறுவனம் 2005 அளவில் நிறைவேற்றியது. இந்தியாவில் குடிநீர்த்துறையில் இவ்வகையில் முன்னோடியான திட்டம் அது. தொழிற்சாலைகள் கூடுதல் விலை தரும். அதனால் வீடுகளுக்கும் சிற்றூர்களுக்கும் குறைந்த விலையில் நீர் தரலாம் என்பது கணக்கு. 2011 சனவரியில், நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை நியாயமானது, கீழ்ப்பகுதி உழவர்கள் நெடுங்காலம் வேண்டிப் பெற்றது. ஆயினும், நீர் வாங்குவோர் குறைந்தபோது நிறுவனத்தின் கடன் அடைபடவில்லை. குடிநீர் என்பது நின்றுவிடக் கூடாத ஒன்று. ஆகவே, குழாய் வறளாமல் காக்கும் பொறுப்பிலிருந்து அரசு விலக முடியாது. தனியாருக்கோ விலக வழியுண்டு. இந்தச் சமனின்மை நீர்த்திட்டங்கள் எல்லாவற்றிலும் உண்டு. பொலிவிய நாட்டின் கோச்சபாம்பா நகரில் நீர் வழங்கும் உரிமை தனியாருக்குச் சென்று, கட்டணம் உயர்ந்தபோது, 2000ஆம் ஆண்டில் மக்கள் தெருவில் திரண்டனர், அவ்வொப்பந்தம் நீக்கப்பட்டது.

காலணாவின் வழிவந்தது என்று சொல்லத்தக்க ஒரு முயற்சி சென்னையை அடுத்த ஆலந்தூரில் நடந்தது. 1990களின் இறுதியில் அங்கே கழிவுநீர் வடிகால் இல்லை. நகராட்சி வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. பணி தொடங்கும் முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனைச் செலுத்தின. எஞ்சியதற்குக் கடன் பெறப்பட்டது. குழாய் பதித்ததும் சுத்திகரிப்பு நிலையம் அமைத்ததும் தனியார் நிறுவனம். தெருத்தெருவாகக் கூட்டங்கள் நடந்தன. பணம் கட்டியவர்கள் வேலை எங்கே நிற்கிறது என்று வாரந்தோறும் கேட்டனர். 5,000 ரூபாய் கட்ட இயலாத எளியோரின் நிலை அங்கும் ஒரு வினாவாகவே நின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

படுகையில் மறைந்த குடிமராமத்து, 2017இல் தமிழ்நாடு அரசால் மீண்டும் தொடங்கப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி அரசினது. பாசனப் பயனாளிகள் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டியிருந்தது. பழைய குடிமராமத்தில் உழைப்பு முழுவதும் ஊராருடையது, கட்டாயமும் உண்டு. புதியதில் கட்டாயம் இருக்கவில்லை, கூலியும் இருந்தது, எந்திரமும் இருந்தது. அந்தப் 10 விழுக்காடு சிறிய தொகைதான். அதனை உழவர்கள் தாமே கொடுத்த ஊரில், வாய்க்காலின் அடிமட்டம் அளந்து பார்க்கப்படும். வேறொருவர் அவர்கள் பெயரில் எழுதிவிட்டால், தூர்வாரப்பட்ட நீளம் ஏட்டில் மட்டும் இருக்கும். மேட்டூர் சூன் 12இல் திறந்து, நீர் கல்லணை தாண்டி, வேதாரணியத்துக்கும் கோடியக்காட்டுக்கும் முன்னுள்ள கடைமடையை அடைகிறதா இல்லையா என்பதில் இவ்வேறுபாடு தெரிந்துவிடும்.

மதகுகளின் கணக்கு

காவிரிப் படுகை ஏறத்தாழச் சமதளம். கடலை நோக்கிய சாய்வு மிகக் குறைவு. இந்நிலத்தில் எந்தச் சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் கரை உயர்த்தியே ஆகவேண்டும். உயர்த்திய கரை எதுவும் நீரின் வழியை மறிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தேங்கும் நீர் நான்கு நாளில் வடியாவிட்டால், சம்பாப் பயிர் அழுகும். எனவே, கரையின்கீழ் எத்தனை இடங்களில் குறுக்குப்பாலமும் மதகும் வேண்டும், அவை எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும் என்பதே இங்கு உழவரின் முதல் வினா. ஒப்பந்தத்தில் பாதையின் நீளமும் அகலமும் நுட்பமாக எழுதப்படும். வாய்க்காலின் பெயர் அவ்வாறு எழுதப்படுவதில்லை. ஒரு மதகைக் குறைத்தால் மிஞ்சும் பணம் கட்டுமானக் கணக்கில் உடனே தெரியும். அதனால் அழுகும் பயிர் வேறொருவரின் கணக்கில், வேறோர் ஆண்டில் விழும்.

காலணாப் பாதையிலும் இவ்வினா எழுந்தே இருக்கும். வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம் வேண்டிய நாடு அது. மயிலாடுதுறை – திருவாரூர்ப் பகுதி 2012இலும், காரைக்குடி – பட்டுக்கோட்டைப் பகுதி 2018இலும், பட்டுக்கோட்டையிலிருந்து முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகத் திருவாரூர் வரையுள்ள பகுதி 2019இலும் அகலப்பாதையாக மாறித் திறக்கப்பட்டன. பணிக்காகப் பாதை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில், முத்துப்பேட்டையும் திருத்துறைப்பூண்டியும் தொடர்வண்டி இன்றி இருந்தன. அவ்வூர் மக்கள் பாதையை விரைந்து திறக்குமாறு மனு மேல் மனு அளித்தனர். மாவட்டக் கழகம் இப்போது இல்லை. தீர்வையும் இல்லை. மனுக்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் புதுதில்லிக்கும் சென்றன.